150 மதிப்பெண்ணின் தூரம்: வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களும் எஃப்.எம்.ஜி. தேர்வும்

ரஷ்யாவிலோ சீனாவிலோ ஜார்ஜியாவிலோ ஐந்தாறு ஆண்டுகள் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவர், இந்தியாவில் ஒரு மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் ஒரு தேர்வில் தேற வேண்டும். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு என்பது அதன் முழுப் பெயர். மாணவர்கள் எஃப்.எம்.ஜி. என்பார்கள், முன்பே எழுதியவர்கள் இன்னும் 'ஸ்கிரீனிங் டெஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை, பெரும்பாலும் ஜூன், டிசம்பர் பருவங்களில் இதை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள். காலையில் 150, பிற்பகலில் 150. கேள்விக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும், ஒன்றைத் தேர்ந்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. 150 எடுத்தால் தேர்ச்சி. 250 எடுத்தவருக்கும் 150 எடுத்தவருக்கும் சான்றிதழில் வேறுபாடு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

இத்தனை இளக்கமான விதிகள் இருந்தும் 2015 முதல் 2018 வரை இதை எழுதிய 61,708 பேரில் 8,764 பேர் மட்டுமே, அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேர்தான், தேறினார்கள். அதன் பிறகு நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது என்றாலும் ஏற்ற இறக்கம் பெரிது: 2024 டிசம்பர் பருவத்தில் 30 விழுக்காட்டை நெருங்கிய தேர்ச்சி, அடுத்த 2025 ஜூன் பருவத்தில் 19 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. பணம் கட்டிப் போனவர்கள், படிக்கவில்லை என்பது ஒன்று. வெளிநாட்டுப் பட்டதாரிகளை வடிகட்டவே வேண்டுமென்று கடினமாகக் கேட்கிறார்கள் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே கேள்வித்தாளைப் பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படுபவை.

தேர்வு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அங்கிருந்து பட்டத்தோடு திரும்பியவர்களைப் பதிவு செய்வதில் இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கும் அவர்களுக்கும் இடையே எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அந்தச் சூழலில் 2001-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் திருத்தப்பட்டு, 2002 மார்ச் 15 முதல், வெளிநாட்டில் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள் தகுதித் தேர்வில் தேறினால்தான் பதிவு என்ற நிலை வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கே மருத்துவராகப் பணியாற்ற ஏற்கப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாடு செல்வதற்கே நீட் தேர்ச்சி கட்டாயம் என்பது 2018-இல் சேர்ந்துகொண்ட இன்னொரு நிபந்தனை.

இனி அந்த 150 என்ற எண்ணைக் கவனிப்போம். எதுவுமே தெரியாத ஒருவர் 300 கேள்விகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், நான்கில் ஒன்று சரியாகும் என்ற கணக்கில் 75 கிடைக்கும். 100 கேள்விகளுக்கு ஐயமற விடை தெரிந்து, மீதி 200-க்குக் குருட்டாம்போக்கில் குறித்தால் 100 உடன் 50 சேர்ந்து 150 ஆகிவிடும். 110 தெரிந்தால் சராசரியாக 157 வரும். ஒருநாள் அதிர்ஷ்டக் குறைவைத் தாங்குகிற இடைவெளி அது. ஆக, காகிதத்தில் பாதி என்று தெரிகிற தேர்ச்சி மதிப்பெண், உண்மையில் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக உறுதியாகத் தெரிந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. ஆறு ஆண்டு படித்தவருக்கு அது எட்டாத உயரமா?

எட்டாமல் போவதற்குக் காரணம், தெரியாமை அன்று, அரைகுறையாகத் தெரிந்திருப்பது. தவறான மூன்று விடைகளும் பெரும்பாலும் பாதி தெரிந்தவரைக் குறிவைத்தே எழுதப்பட்டிருக்கும். காய்ச்சல், தலைவலி, தட்டணுக்கள் சற்றுக் குறைவு, அக்குளில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த புண் என்று ஒரு நோயாளியை விவரித்துவிட்டு எந்த மருந்து என்று கேட்டால், எதுவும் தெரியாதவர் நான்கில் ஒரு வாய்ப்போடு குறிப்பார். காய்ச்சலும் தட்டணுவும் என்றாலே டெங்கு என்று மனத்தில் பதிந்தவர், அந்தப் புண்ணைக் கவனியாமல் தவறான விடையைத் துணிந்து தேர்ந்தெடுப்பார். அத்தகைய புண்ணை அடையாளமாகக் கொண்ட ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நோயாளி ஒருவரை வார்டில் ஒரு முறை பார்த்தவருக்கோ 'டாக்சிசைக்ளின்' என்பது யோசிக்காமலே வந்துவிடும். குருட்டாம்போக்கில் கிடைக்க வேண்டிய 50 மதிப்பெண் அரைகுறை அறிவால் 30 ஆகக் குறைந்துபோகும் இடம் இதுதான். தேர்வில் 130, 140 என்று நான்கு முறை நின்றுபோனவர்களின் கதைகளில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது.

நாடு வாரியாகத் தேர்ச்சியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேலே சொன்ன அதே நான்கு ஆண்டுகளில் வங்கதேசத்தில் படித்தவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரும், பிலிப்பைன்ஸில் படித்தவர்களில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினரும் தேறினார்கள்; சீனாவில் படித்தவர்களில் 12 விழுக்காடுகூட இல்லை, ரஷ்யாவில் 13-ஐத் தாண்டவில்லை. சீனக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் டாக்காவில் உள்ளவற்றைவிட மோசமானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வங்கதேசத்துப் பாடத்திட்டம் நம்முடைய பாடத்திட்டத்தின் உடன்பிறப்பு. நோய்களும் அவையே, பாடப்புத்தகங்களில் பலவும் அவையே. பிலிப்பைன்ஸில் வகுப்பும் மருத்துவமனையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. ஆகவே இந்தத் தேர்வு அளப்பது மாணவரின் அறிவுக்கூர்மையை என்பதைவிட, அவர் படித்த இடத்துக்கும் இங்குள்ள மருத்துவமனைக்கும் இடையிலான தூரத்தை என்று கொள்வதே பொருத்தம். தயாரிப்பு என்பது அந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலை.

அந்தத் தூரத்தில் ஒரு பகுதி காலத்தால் ஆனது. 300-இல் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றுக்கும் தலா 17 என 51 கேள்விகள். நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் மூன்றுக்கும் தலா 13, சட்ட மருத்துவத்துக்கு 10. மூன்றில் ஒரு பங்குக் கேள்விகள் இவற்றிலிருந்தே வருகின்றன. இந்தியாவில் படிப்பவர்கள்கூட இறுதியாண்டில் மறந்துவிடும் பாடங்கள் இவை. வெளிநாட்டில் படித்தவரோ அவற்றை ஆறாண்டுக்கு முன், புதிய நாட்டுக் குளிருக்கும் மொழிக்கும் பழகிக்கொண்டிருந்த அதே மாதங்களில் படித்திருப்பார். விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் கிடந்த நாட்களில் படித்த நரம்புப் பின்னலை நினைவிலிருந்து எடுப்பது சிரமம்தான். ஆனால் இந்தப் பாடங்களில் ஒரு வசதி உண்டு: உடற்கூறியல் நாட்டுக்கு நாடு மாறாது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு முறை இந்தியக் கேள்விகளைக் கொண்டு திருப்பிப் பார்த்தவருக்கு, கடைசி ஆறு மாதத்தில் அது புதிதாகப் படிப்பதாக இல்லாமல் நினைவூட்டிக்கொள்வதாக அமையும்.

இரண்டாவது பகுதி இடத்தால் ஆனது. அதை மாணவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. சமூக மருத்துவத்துக்கு 30 கேள்விகள். மகப்பேறு, மகளிர் நோயியலுக்கும் அதே 30. பொது அறுவை மருத்துவத்துக்கு 32. அதாவது ஒரு குடல்வால் அழற்சிக்கு இணையான இடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தடுப்பூசி அட்டவணைக்கும் தரப்பட்டிருக்கிறது. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, அவை தினமும் ஒரே மாத்திரையில் கலந்து தரப்படும் என்பது இங்குள்ள தேசியத் திட்டம். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் பென்டாவேலன்ட். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா என்று நம் வீட்டுக் குழந்தையின் அட்டையில் இருப்பவை எல்லாம் தேர்வில் வருபவை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கணக்கும், மஞ்சள் பையில் உடற்பகுதிக் கழிவு, சிவப்புப் பையில் குழாயும் கையுறையும், துளைபடாத வெள்ளைப் பெட்டியில் ஊசி, நீலத்தில் கண்ணாடி என்ற 2016-ஆம் ஆண்டு விதியும் அப்படியே. ரஷ்யாவின் கசானிலோ சீனாவின் ஊகானிலோ எந்தப் பேராசிரியரும் இதைக் கற்பிக்கப்போவதில்லை. கற்பிக்கவில்லை என்று அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, 1,000 பேருக்கு ஒரு 'ஆஷா' பணியாளர் (ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்) என்பதும் பெரும்பாலும் புத்தகச் செய்திதான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

சட்ட மருத்துவத்தில் இந்த இடத் தூரம் இன்னும் கூர்மையானது. காயத்தை எப்படி வகைப்படுத்துவது, மரண விசாரணையை யார் நடத்துவது, மரண வாக்குமூலம் எந்தப் பிரிவின்கீழ் ஏற்கப்படும் என்பவை எல்லாம் முழுக்க முழுக்க இந்தியச் சட்டம். அந்தச் சட்டமும் அண்மையில் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 304ஏ-இலிருந்து 106-க்கும், கொடுங்காயம் 320-இலிருந்து 116-க்கும் இடம் மாறின. காவல்துறையின் மரண விசாரணை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவிலிருந்து, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவுக்குப் போயிற்று. சீனியரிடமிருந்து வந்த கையேட்டையோ பழைய காணொலியையோ நம்பிப் படிப்பவர் இதில் சறுக்க வாய்ப்பு அதிகம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் அத்தகையதே: 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட பிரிவினருக்கு 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர் என்பதை மாற்றிப் படித்தால் மகப்பேற்றிலும் சட்ட மருத்துவத்திலும் ஒரே பிழை இரண்டு இடத்தில் மதிப்பெண்ணைத் தின்னும்.

நோய்களைப் பற்றியும் ஒரு சொல். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது இங்குள்ள பாம்புக்கடி மருந்து. கடித்த இடத்தில் வீக்கமே இல்லாமல் விடியற்காலையில் வயிற்றுவலியோடு கண்ணிமை தொங்க வருபவருக்குக் கட்டுவிரியன் கடித்திருக்கலாம் என்று ஐயுறுவதும், பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபினை எதுவரை கொடுப்பது என்பதும் தஞ்சை, சேலம் அரசு மருத்துவமனைகளில் அன்றாட வேலை. ஐரோப்பியக் குளிர்நாட்டு வார்டில் இதயநோயும் மூட்டுநோயும் நிறையப் பார்க்கலாம். இவற்றைப் பார்க்க முடியாது.

தூரத்தின் மூன்றாம் பகுதி தேர்வு முறையால் ஆனது. முன்னாள் சோவியத் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வுக்கே முதலிடம். மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஆசிரியர் முன் அமர்ந்து விளக்க வேண்டும். நல்ல ஆசிரியரிடம் அமைந்தால், ஒரு நோயை ஆதியோடந்தமாகச் சொல்லக் கற்றுத்தரும் அருமையான முறை அது. ஆனால் அதில் பழகியவருக்கு, கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், ஒரே மாதிரியான நான்கு விடைகளுக்கிடையே மூன்றை நீக்கும் பழக்கம் இருக்காது. எக்ஸ்-ரே, ஈ.சி.ஜி., தோல் படை, கருவி ஆகியவற்றின் படங்களை வைத்துக் கேட்கும் கேள்விகள் வேறு இப்போது நிறைய வருகின்றன. உக்ரைனில் மூன்றாம் ஆண்டிலும் இறுதியாண்டிலும் எழுதும் 'குரோக்' தேர்வுகள் கொள்குறி வகையைச் சேர்ந்தவை என்றாலும், வெளியிடப்பட்ட கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தே பலர் அவற்றைக் கடந்துவிட்டார்கள்.

இந்தியத் தேர்விலோ அந்த வழியும் இல்லை. கேள்வித்தாள் வெளியே தரப்படுவதில்லை. கேள்விகளை வெளியிடமாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில்தான் தேர்வே நடக்கிறது. 'ரீகால்' என்ற பெயரில் சுற்றிவருபவை, எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. கேள்வி பாதியும் விடை தவறாகவும் இருப்பது அதில் சாதாரணம். எந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்று அறிய அவை உதவும். விடையை அவற்றிலிருந்து கற்பது ஆபத்து. இத்துடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வின் முதல் தாளில், தாளின் கடினத்தைப் பொறுத்துத் தேர்ச்சி மதிப்பெண் ஒவ்வொரு முறையும் புதிதாக வகுக்கப்படுகிறது. இங்கே தாள் எளிதானாலும் கடினமானாலும் 150 தான். ஒரு பருவத்தில் 30 விழுக்காடும் அடுத்த பருவத்தில் 19-க்குக் குறைவும் தேறுவதற்கு, ஆறு மாதத்தில் மாணவர்களின் தரம் அவ்வளவு சரிந்ததுதான் காரணம் என்று நம்புவது கடினம். இந்த முறை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விதி மாறும்வரை, மாதிரித் தேர்வில் 150 வருகிறது என்று தேர்வுக்குப் போகிறவர் வண்டி வரும் நேரத்துக்குச் சரியாக ரயில் நிலையத்துக்குப் புறப்படுகிறவரைப் போன்றவர். 175, 180 வந்த பிறகு போவதே பாதுகாப்பு.

அப்படியானால் எப்படிப் படிப்பது? பயிற்சி நிறுவனங்கள் 19 பாடங்களுக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரக் காணொலிகளை விற்கின்றன. அவற்றை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பார்த்து முடிப்பதையே தயாரிப்பு என்று நினைப்பதுதான் அதிகம் காணப்படும் தவறு. பார்த்து முடித்த நிறைவு கிடைக்கும். முதலில் பார்த்த பாடம் அதற்குள் மறந்திருக்கும். கேள்வியிலிருந்து பாடத்துக்குப் போவதே இந்தத் தேர்வுக்கு ஏற்ற திசை. ஒரு தலைப்பில் ஐம்பது கேள்விகளை முதலில் போட்டுப் பார்த்து, உறுதியாகத் தெரிந்தவை, ஊகித்தவை, தெரியாதவை என்று மூன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊகித்துச் சரியானவற்றைத் தெரிந்தவற்றோடு சேர்த்துக்கொள்வதில்தான் பலர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஊகத்தில் 30 மதிப்பெண்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நமக்கு வேண்டியது 300-இல் 120 உறுதியான விடைகள்; அவை எந்தப் பாடங்களிலிருந்து வரும் என்று ஒவ்வொருவரும் தமக்கெனக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொது மருத்துவத்தின் 33 கேள்விகளுக்காக ஒரு பெரிய புத்தகத்தோடு மல்லாடும் நேரத்தில், கண், காது–மூக்கு–தொண்டை, குழந்தைகள் நலம் ஆகிய மூன்றிலும் தலா 15 என 45 கேள்விகள் காத்திருக்கின்றன. அவற்றின் பாடப்பரப்போ மிகச் சிறியது. மயக்கவியல், எலும்பியல், தோல், மனநலம் போன்றவற்றுக்குத் தலா 5 தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தருவது வீண்.

திரும்பி வந்த பிறகு தேர்வு வரை கிடைக்கும் மாதங்கள், மனத்தளவில் கடினமானவை. உடன் பள்ளியில் படித்தவர்கள் வேலையில் இருப்பார்கள். கல்விக் கடன் தவணை தொடங்கியிருக்கும். "பாஸ் ஆயாச்சா" என்ற கேள்வி ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் வரும். முதல் முறை தவறவிட்டவர் அடுத்த முறை வரை முழுநாளும் வீட்டு அறையில் தனியே படிப்பதைவிட, ஒத்த நிலையிலுள்ள இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து கேள்விகளைப் பேசித் தீர்ப்பது, படிப்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. வாய்மொழித் தேர்வில் பழகியவர்களின் பலமும் அங்கேதான் வெளிப்படும்.

எவ்வளவு படித்தாலும் சரிசெய்ய முடியாத ஒரு தடை உண்டு. அது காகிதத் தடை. 2021 நவம்பர் 18-இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவரின் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நாட்டில் அதே கல்வி நிறுவனத்தின் கீழ் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்கும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். எல்லாம் பத்து ஆண்டுக்குள் முடிய வேண்டும். பிலிப்பைன்ஸில் முன்படிப்பு தனியாகவும் எம்.டி. நான்கு ஆண்டாகவும் இருந்ததால் 54 மாதம் என்ற வரி அங்கே பலரைக் கலங்கவைத்தது. கொரோனாவும் 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரும் வகுப்புகளை இணையத்துக்குத் தள்ளியபோது, இணைய வகுப்பு மட்டுமே கண்ட செய்முறைப் பயிற்சி போதாது என்ற நிலைப்பாட்டை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் எடுத்தது. நாடு திரும்பிய இறுதியாண்டு மாணவர்களில் 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்களுக்குத் தேர்வெழுத ஒருமுறைச் சலுகை கிடைத்தது. ஆனால் அவர்கள் இங்கே ஓராண்டுக்குப் பதிலாக இரண்டாண்டு பயிற்சி செய்ய வேண்டியதாயிற்று. சேரும் கல்லூரியின் கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்த விதிகளை வரி வரியாகப் பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர். முகவர் சொல்லும் 'எல்லாம் சரியாயிடும்' என்பதற்குச் சட்ட மதிப்பு இல்லை.

தேறியவுடன் மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, அதன்பின் 12 மாதம் பயிற்சி மருத்துவர் பணி, அதை முடித்தபின் நிரந்தரப் பதிவு. இந்தப் பயிற்சிக்குக் கல்லூரிகளில் உள்ள இடங்களில் 7.5 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஒதுக்கலாம் என்றும், அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, உதவித்தொகை உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் ஆணையம் 2022 மார்ச்சில் சுற்றறிக்கை விட்டது. ஆனால் தேறுவோர் எண்ணிக்கை கூடும் பருவங்களில் இடத்துக்குக் காத்திருப்பதும் கூடிவிடுகிறது.

எஃப்.எம்.ஜி. தேர்வு தன் கடைசிக் காலத்தில் இருப்பதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், உள்நாட்டில் படித்தவர், வெளிநாட்டில் படித்தவர் எல்லோருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற ஒரே தேர்வை வகுத்தது. 2023 ஜூனில் அதற்கான விதிகளும் வந்தன. ஜூலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. அந்த விதிகளின்படி முதல் கட்டம் கொள்குறித் தேர்வு, இரண்டாம் கட்டம் நோயாளி முன் நின்று செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. இப்போதைய 300 கேள்விகளில் ஒன்றுகூட, வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. கேட்க அந்த வடிவத்தில் வழியும் இல்லை. ஆகவே இன்று இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர், தாம் எழுதப்போவது எந்தத் தேர்வு என்று தெரியாமலேயே தயாராக வேண்டியிருக்கிறது. உடற்கூறியலும் தடுப்பூசி அட்டவணையும் எந்தத் தேர்வானாலும் பயன்படும். அங்குள்ள வார்டில் நோயாளியிடம் பேசுமளவுக்கு அந்த ஊர் மொழியை இரண்டாம் ஆண்டுக்குள் கற்றுக்கொண்டால், நான்காம் ஆண்டில் கட்டிலருகே நிற்கும்போது மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. 'பெரும்பாலும் ஆங்கிலம்தான், உள்ளூர் மொழி வேண்டாம்' என்று சேர்க்கையின்போது சொல்லப்பட்டதை நம்பி அந்த மொழியைக் கற்காமல் விட்டவர்களே, ஆறு ஆண்டு மருத்துவமனையில் நின்றும் நோயாளியின் வாயிலிருந்து ஒரு நோய் வரலாற்றைக்கூட நேரில் கேட்காமல் திரும்பி வருகிறார்கள்.